மேற்குச் சுவரை இடித்த நாள்

மதினி,

சின்ன மகன் கட்டிய புது வீட்டில் இன்று சாம்பிராணி போட்டேன். சன்னல்களுக்கெல்லாம் கண்ணாடி. தூசி வரக்கூடாதென்று எல்லாவற்றையும் சாத்தியே வைத்திருக்கிறான். புகை எழும்பி, அறை நடுவில் இடுப்புயரத்தில் அப்படியே நின்றது. மருமகள் சாமியைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கள் நினைப்பு வந்தது. கூடவே கோழி எச்சத்தின் நெடியும் வந்தது.

நான் அகரத்துக்கு வாழ வந்த கொஞ்ச நாளில் நீங்கள் புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்துசேர்ந்தீர்கள். வத்தலக்குண்டிலிருந்து உங்கள் கொழுந்தன் வீட்டார் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பாசமெல்லாம் ஒன்றுமில்லை, அங்கே அடுப்படிக்கு ஆள் வேண்டியிருந்தது. நீங்கள் போக மாட்டேன் என்றீர்கள். வெள்ளைக் கோழி வளர்க்கச் சொல்லி அரசாங்கத்து ஆட்கள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்த காலம் அது. கொட்டகை போட்டு, தரையில் கடலைத் தொலியைப் பரப்பி, கோழிகளை உள்ளேயே அடைத்து வளர்க்க வேண்டும். என் வீட்டுக்காரர், அதாவது உங்கள் தம்பி, ஒருவழியாகச் சம்மதித்தார்.

"தை வரைக்கும் பாப்போம்க்கா. சரிப்படலைன்னா நீ வத்தலக்குண்டுக்கே போயிரு."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லத்தான் செய்வேன், இங்கே வேண்டாம்.

கொட்டகைக்கு மேற்கே தாடிக்கொம்பு ரோடு. வெள்ளை வெளேரென்று இத்தனை கோழி நின்றால் போகிறவன் வருகிறவன் கண்ணெல்லாம் அதில்தான் விழும் என்று, அந்தப் பக்கம் மட்டும் கூரை முட்ட மண்சுவர் எழுப்பினார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்களே, அதற்குத்தான் அந்தச் சுவர்.

சித்திரை வெயிலில் கோழிகள் அலகைத் திறந்து, சிறகை அகட்டிக்கொண்டு இரைத்தன. உள்ளே நுழைந்தால் கண் எரியும். முட்டை குறைந்தது, பிறகு சாகவும் ஆரம்பித்தன. திருஷ்டிதான் என்று உங்கள் தம்பி பூசணிக்காய் கட்டினார். அப்புறமும் செத்தன. வெளிச்சம் வந்துகொண்டிருந்த கிழக்குப் பக்கத்திலும் சாக்குப் படுதா கட்டினார். கோழி சாகச் சாக மறைப்பு கூடியது. மறைப்பு கூடக் கூட கோழி செத்தது. வத்தலக்குண்டிலிருந்து, எப்போது வருகிறாய் என்று மறுபடியும் ஆள் சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில், திருஷ்டி கழியட்டும் என்று சாம்பிராணிச் சட்டியைக் கொட்டகைக்குள் கொண்டுபோனீர்கள். வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கோழிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அழுகிறீர்கள் என்று நினைத்தேன்.

"இங்க வந்து உக்காரு தாயி. செத்த நேரம் இருந்து பாரு" என்றீர்கள்.

உட்கார்ந்தேன். நிற்கும்போது அவ்வளவாகத் தெரியாத நெடி, தரையில் மூக்கை அறுத்தது. எனக்கும் கண்ணீர் வந்தது.

"பொகையே வெளிய போக வழியில்லாம நிக்குது. இதுக எங்குட்டு மூச்சு விடும்?"

அன்று உங்கள் தம்பி கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தார். நீங்கள் கடப்பாரையை எடுத்தீர்கள். கூரையைத் தாங்கியது கல்தூண்கள்தான், சுவர் வெறும் மறைப்பு. முழங்கால் உயரம் விட்டு மீதியை இருவரும் இடித்தோம். மிச்சம் கிடந்த கம்பி வலையை அந்த இடத்தில் அடித்தோம். கிழக்குச் சாக்குகளை அவிழ்த்தோம். சூடு மேலே போகட்டும் என்று முகட்டில் கீற்றைக் கொஞ்சம் பிரித்துவிட்டீர்கள். மேல்காற்று ரோட்டுப் பக்கம் நுழைந்து கிழக்கே போயிற்று. சட்டியிலிருந்த புகை சாய்ந்து, வலை வழியாக வெளியேறியது.

"இப்பப் போகுது" என்றீர்கள். அவ்வளவுதான்.

சாயங்காலம் வந்தவர் வண்டியை விட்டு இறங்காமலே கத்தினார். "என்னக்கா இது? ஊரு கண்ணு பூராம் இனி இங்கதான்!"

"பாக்கட்டுமேப்பா. பாக்குறவன் வாங்கிட்டுப் போறான்."

கோழி சாவது நின்றது. முட்டை கூடியது. ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி முட்டை இருக்கா என்று கேட்டார்கள். ஆடிக்காற்று மண்ணை வாரி அடித்தபோது மட்டும் சாக்கை இறக்கிவிட்டு, அடங்கியதும் சுருட்டி ஏற்றினீர்கள். தை வந்தது. யாரும் வத்தலக்குண்டுக்குப் போகவில்லை. உங்கள் தம்பி, சுவர் எழுப்பியது தப்பு என்று கடைசிவரை வாய்விட்டுச் சொல்லவில்லை. பூசணிக்காயையும் கழற்றவில்லை.

நீங்கள் போன அன்று உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தலைமாட்டில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. ரோட்டில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று யாரோ மேற்குச் சன்னலைச் சாத்தினார்கள். மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த உங்கள் தம்பி எழுந்தார். கூட்டத்தைத் தாண்டிப் போய் அதைத் திறந்தார்.

"தொறந்தே இருக்கட்டும். அக்காவுக்கு மூச்சு முட்டும்."

அதுவரை அழாமல் இருந்த நான் அப்போதுதான் அழுதேன், மதினி.

இன்று மருமகள் கும்பிட்டு முடித்ததும் போய்ச் சன்னலைத் திறந்தேன்.

"தூசி வரும் அத்தை."

"வரட்டும்" என்றேன். புகை சாய்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.