துண்டுக்கு அடியில் ஒரு விலை

புதன், இரவு.

வீட்டை விற்றுவிட்டு ராஜபாளையத்தில் மகனோடு போய் இருக்கலாம் என்று எட்டு மாதமாகப் பார்க்கிறேன். நாற்பது லட்சம் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் முப்பதிலேயே நிற்கிறார். "இப்ப யாருண்ணே வீடு வாங்குதா?" என்று ஆறுதல் வேறு.

இன்று சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு மாட்டு வியாபாரி வீடு பார்க்க வந்தார். விலையை வாயால் சொல்ல மாட்டாராம். வாசலில் நின்றபடியே, சந்தையில் செய்வதுபோல எங்கள் கைகள்மேல் துண்டைப் போட்டு மூடினார். விரலுக்குப் பத்து லட்சம் என்றார். பிடித்தது இரண்டே விரல்! கொதித்துப்போய் அவருடைய நான்கு விரல்களையும் சேர்த்து நசுக்கினேன். மனுஷன் அசரவில்லை. மறுபடியும் அதே இரண்டு விரல். "யோசிங்க, பொறவு வாரேன்" என்று சிரித்த முகமாகவே போனார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

எதிர்வீட்டுக்காரர் இதையெல்லாம் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு மூச்சிரைக்க வந்தார்.

"அண்ணே, முப்பத்தஞ்சு தாரேன். அவிய எம்புட்டுக்குக் கேட்டாவ?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிக் கைமேல் போட்டு, அவர் பக்கம் நீட்டினேன்.