பின்காலில் ஒரு பழுப்பு வளையம்

மார்ச் 3

அன்புள்ள குட்டிக்கு,

நலமா? விரல்கள் எப்படி இருக்கின்றன? இழுப்பறையை அறைந்து மூடியபோது உன் கை உள்ளே இருந்ததை நான் பார்க்கவில்லை என்று எத்தனை முறைதான் சொல்வது? அதற்காக அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வதா? நீயில்லாமல் வீடும் ஆய்வகமும் வெறிச்சென்று கிடக்கின்றன.

அந்த இறகு அந்துப்பூச்சி ஒரே இனம்தான். புத்தகத்தில் அப்படி எழுதியவன் நான். இரண்டு இனம் என்று இதழுக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து சேர்.

உன் கணவன்

மார்ச் 9

என்னங்க,

வணக்கம். இடது கையால் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கையில் இரண்டு விரல் முறிந்திருக்கிறது. என் கையைப் பார்த்த பிறகுதான் இரண்டாவது முறை அறைந்தீர்கள்.

பூச்சிக்கு வருகிறேன். இரண்டும் ஒரே வைக்கோல் நிறம், இரண்டுக்கும் இறகாகப் பிளந்த சிறகு. ஆனால் ஒன்றுக்குப் பின்காலில் பழுப்பு வளையம் உண்டு. வயிற்றை அறுத்துப் பார்த்தால் அதன் உள்ளுறுப்பும் வேறு. காட்டியபோது, "வளையமாவது வெங்காயமாவது, உன் கண்ணுலதான் தூசு" என்று சிரித்தீர்கள். வேறு யார் கண்ணுக்காவது வளையம் தெரிகிறதா என்று இதழாசிரியரும் கேட்கிறார். அதற்கு ஆளில்லாமல் கட்டுரை நிற்கிறது.

என் மேசையில் சீட்டு ஒட்டாத பெட்டியில் இரண்டும் கலந்திருக்கின்றன. ஒருமுறை பாருங்கள். உண்மையைச் சொன்னால், திரும்பி வருவதைப் பற்றி யோசிக்கிறேன்.

உங்கள் மனைவி

மார்ச் 14

அடியே,

எனக்கே பாடம் நடத்துகிறாயா? பெட்டியைத் திறந்தேன். உன் செல்லங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் நசுக்கினேன். எல்லாம் தூள். என்னுடையவற்றில் ஒரு கால்கூட உடையவில்லை. இனி எதைக் காட்டிக் கிழிப்பாய்?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மரியாதையாகக் கிளம்பி நில். இல்லையென்றால் அந்த இன்னொரு கையையும் முறித்துத்தான் இழுத்து வருவேன்.

கணவன்

மார்ச் 17

ஐயா,

படித்ததும் அழுதேன். பிறகு மறுபடியும் படித்தேன்.

சீட்டில்லாத பெட்டியில் என்னுடையவை எவையென்று எப்படித் தெரிந்தது? மிச்சத்தை நம் ஆய்வகத்தில் வேலை செய்யும் அக்கா எடுத்து வந்து கொடுத்தார். ஒன்றின் காலிலும் வளையம் இல்லை. அவ்வளவு கச்சிதமாகப் பொறுக்கியிருக்கிறீர்கள். என்னைப் பார்த்துச் சிரித்த அன்றைக்கே உங்களுக்கு அது தெரிந்திருக்கிறது. அதுதான் விரலைவிட வலிக்கிறது.

உங்கள் கடிதத்தின் நகல் இதழாசிரியருக்குப் போய்விட்டது. வளையத்தைப் பார்த்த இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார் என்று எழுதினேன். கடைசி வரிகளுக்காக இன்னொரு நகல் காவல் நிலையத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வாருங்கள். வாசலில் காத்திருக்கப்போவது அண்ணன் மட்டுமல்ல.

இப்படிக்கு,
கட்டுரையாளர்