பெயின்ட் காயும் வரை

12 ஆகஸ்ட் 1986

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் விட்டால் ரோடு முழுக்க சைக்கிள்தான். இந்தப் பக்தவத்சலம் ஏட்டு, அதாவது நான், கையைக் காட்டினால் லாரி நிற்கிறது, பஸ் நிற்கிறது. சைக்கிள்காரன் மட்டும் மணியடித்துக்கொண்டே போகிறான். விளக்கு கிடையாது, பிரேக் பாதி, பின்னால் ஒரு ஆள் வேறு. பிடித்தால் காற்றைப் பிடுங்கி விடுவோம். சிரித்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போய் அடுத்த கடையில் அடித்துக்கொள்வான். மறுநாள் அதே முகம்.

3 செப்டம்பர்

லேத் வேலை பார்க்கும் வேம்புலியை லாரி தட்டிவிட்டது. ஓவர்டைம் முடிந்து இருட்டில் வந்திருக்கிறார். கால் எலும்பு முறிந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. லாரி டிரைவர் சொன்னான்: "சைக்கிளே தெரில சார். கேரியர்ல டிபன் பாக்ஸ் பளிச்சுன்னு மின்னுச்சு. அப்பதான் ஸ்டீரிங்க ஒடிச்சேன்."

டிபன் பாக்ஸ் மின்னாமல் இருந்திருந்தால்? சாயங்காலத்திலிருந்து அந்த பாக்ஸ்தான் கண்ணில் நிற்கிறது.

22 செப்டம்பர்

இன்ஸ்பெக்டர் பரந்தாமன் கூப்பிட்டார். போக்குவரத்துப் பாதுகாப்புக்கு ஸ்டேஷன்களுக்கு அரசு மானியம் தருகிறதாம். நல்ல திட்டம் எழுதி அனுப்புகிறவர்களுக்குத்தான். "உன்கிட்ட ஏதாவது சரக்கு இருக்காய்யா?" என்றார்.

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. எல்லா ஸ்டேஷனும் ஜீப் கேட்கும், மைக் கேட்கும். நான் கேட்டது வெள்ளை பெயின்ட், பிரஷ், சிவப்பு ரிஃப்ளெக்டர். விளக்கில்லாத சைக்கிளைப் பிடி. காற்றைப் பிடுங்காதே. பின் மட்கார்டில் வெள்ளை அடி, சிவப்பு வில்லையைப் பொருத்து. பெயின்ட் காயும் வரை ஆளை ஓரமாக நிற்க வை. அதுதான் தண்டனை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு ஓடுகிறவனுக்கு சும்மா நிற்பதைவிடப் பெரிய தண்டனை உண்டா? பின் விளக்கு எரியாத லாரிக்கு மட்டும் கேஸ்.

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். சிரிக்கட்டும்.

10 நவம்பர்

வந்துவிட்டது! அம்பத்தூருக்கு மானியம் வந்துவிட்டது! முதல் தவணை இப்போது. ஜனவரியில் அதிகாரி வந்து வேலையைப் பார்த்த பிறகுதான் இரண்டாவது. நான் எழுதிய திட்டம். நான்.

16 நவம்பர்

என் மச்சான் கஜபதி ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்திருந்தான். வந்ததும் வராததுமாக, "இன்னா மாமா, போலீஸ் வேலைய உட்டுட்டு பெயின்டர் ஆயிட்டீங்களாமே?"

என் வீட்டுக்காரி பார்வதம் அவனுக்கு அக்கா, அடக்கவேண்டாமா? அவளும் சேர்ந்து சிரிக்கிறாள்.

"உன் வண்டிக்கும் அடிச்சு உடுறேன், கொண்டா" என்றேன்.

"என் சைக்கிள் பக்கம் பிரஷ்ஷ கொண்டாராதீங்க. புது வண்டி."

24 நவம்பர்

மழை. பெயின்ட் காயமாட்டேன் என்கிறது. பிடித்தவர்களையெல்லாம் டீக்கடைக் கூரைக்கு அடியில் நிறுத்தினோம். டீக்கடைக்காரருக்குக் கொண்டாட்டம்.

கான்ஸ்டபிள் ஷவுகத் அலியின் கை பொன்னான கை. அவர் அப்பா பூந்தமல்லியில் போர்டு எழுதுகிறவர். மட்கார்டில் ஒரே இழுப்பு, இம்மி கோணாது.

ஒரு சங்கடம். ஈரத்தோடு ஓடிப்போகிறவன் பேன்ட் முழுக்க வெள்ளை. குப்பம்மா என்று ஒரு அம்மா புருஷன் பேன்ட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். "இத்த யாரு தொவைக்கிறது? நீ தொவைப்பியா?" மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொன்னேன். அதற்கும் திட்டு.

8 ஜனவரி 1987

பிடிக்க ஆள் கிடைக்கவில்லை! வெள்ளை இல்லாத வண்டியைத் தேட வேண்டியிருக்கிறது. வேம்புலி இன்று வேலைக்கு வந்தார். இன்னும் கொஞ்சம் நொண்டுகிறார். வண்டியை என் முன்னால் நிறுத்தித் திருப்பிக் காட்டினார். வெள்ளையும் சிவப்பும், பளபளவென்று. "ஊட்டுலயே அடிச்சிட்டேன் ஏட்டய்யா. உங்ககிட்ட எவன் நிக்கிறது?"

சொல்ல வெட்கமில்லை, கண் கலங்கிவிட்டது.

21 ஜனவரி

அதிகாரி வந்தார். பிடித்த வண்டிகளையெல்லாம் எழுதி வைத்த நோட்டைப் புரட்டினார். "மாசா மாசம் கேஸ் குறையுது. மானியம் குடுத்தது நடவடிக்கை எடுக்கறதுக்கு. பெயின்ட் அடிக்க இல்ல."

தப்பு குறைஞ்சா கேஸ் குறையாதா சார்? — இதை நான் கேட்டேனா? இல்லை. இன்ஸ்பெக்டர் தரையைப் பார்க்கிறார். போச்சு. இன்னாத்துக்கு இவ்ளோ நாள் மழையில நின்னோம்? கேஸ் நிறைய வேணும்னா பழையபடி லாரி தட்டட்டும்னு உட்டுட்டா போதுமே!

அவர் கிளம்பும்போது இருட்டிவிட்டது. வழி காட்ட என்னையும் ஜீப்பில் ஏறச் சொன்னார். எஸ்டேட் ரோட்டில் திரும்பினோம், கரண்ட் போய்விட்டது. தெருவிளக்கு ஒன்றுகூட இல்லை. அதே நேரம் ஷிப்ட் விட்டது.

ஜீப் வெளிச்சத்தில், முன்னால் போகிற சைக்கிள்களின் பின்னாலெல்லாம் சிவப்பு. வளைவு வரைக்கும் சிவப்புச் சிவப்பாக, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வெள்ளைப் பட்டை. யாரும் சொல்லாமலே டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

அதிகாரி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கடைசி சைக்கிள் போகும் வரை நின்றார். "இவ்வளவு பேரையும் நீங்க பிடிச்சீங்களா?"

"பாதிப் பேர்கூட இல்ல சார். மீதிப் பேர் நிக்க பயந்துகினு அவங்களே அடிச்சிக்கிட்டாங்க."

அவர் ஜீப்பில் ஏறினார். போய்விட்டார்.

2 மார்ச்

பதில் இல்லை. பெயின்ட் தீர்ந்துவிட்டது. ஷவுகத் அலி அப்பாவிடமிருந்து ஒரு டப்பா வாங்கி வந்தார்.

17 ஜூன்

இரண்டாம் தவணை வந்தது. கூடவே ஒரு உத்தரவு: திட்டத்தை விரிவாக எழுதி அனுப்பவேண்டுமாம். எதற்கென்று சொல்லவில்லை. பிரஷ் பிடிக்கும் விதம் உட்பட எல்லாம் எழுதினேன்.

15 நவம்பர்

கஜபதி பெண்ணுக்குக் காது குத்தல். ஆவடி போயிருந்தோம். சாயங்காலம் வெற்றிலை போதவில்லை என்று அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சாதா சட்டை பேன்ட்தான். திரும்பும்போது இருட்டு.

"யோவ், நில்லு!"

சின்ன வயது கான்ஸ்டபிள். "லைட் எங்க? பின்னால வெள்ளை எங்க? பேரு இன்னா?"

"பக்தவத்சலம்." ஏட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவன் கையில் இருந்த பிரஷ்ஷைப் பார்த்தேன். பக்கத்தில் டப்பா, சிவப்பு வில்லைகள். ஓரமாக நாலைந்து பேர் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"ஓரமா நில்லு. காயற வரைக்கும் நவுரக் கூடாது."

"இது எங்க இருந்து வந்துச்சு தம்பி?"

"எல்லா ஸ்டேஷனுக்கும் கவர்மென்ட்ல குடுத்துகீறாங்க. எவனோ அம்பத்தூர் ஏட்டு கண்டுபிடிச்சானாம். எங்க உயிர வாங்குறான்."

நான் யாரென்று சொல்லவில்லை. கோடு கொஞ்சம் கோணலாகத்தான் அடித்தான், அதையும் சொல்லவில்லை. மற்றவர்களோடு போய் நின்றேன். ஒருவர் என்னைப் பார்த்து, "மாட்டிக்கினியா அண்ணாத்தே?" என்றார். மாட்டிக்கொண்டேன் என்றேன். இவ்வளவு சந்தோஷமாக என் சர்வீஸில் எங்கும் நின்றதில்லை.

வெற்றிலைக்குக் காத்திருந்த கஜபதி தன் புது வண்டியின் மட்கார்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

அவசரத்தில் ஈரம் பட்டு என் பேன்ட்டிலும் வெள்ளை. வீட்டுக்கு வந்ததும் பார்வதம் மண்ணெண்ணெய் எடுத்தாள். அந்தப் பேன்ட்டைத் துவைக்க வேண்டாம், அப்படியே மடித்து வை என்று சொல்லிவிட்டேன்.