நான் சொன்ன இரண்டு சாட்சி

அக்காவுக்கு,

போனை நீ எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

தையல் கூடத்தில் தீப்பிடித்த அன்று, நாம் துணி திருடுவோம் என்று நிர்வாகம் பூட்டியே வைத்திருந்த பின்கதவை நீதான் இஸ்திரிப் பெட்டியால் அடித்து உடைத்தாய். புகையில் விழுந்து கிடந்த என்னை, "எந்திரிடி சோம்பேறி! சாகுறதுக்கு இதுவா நேரம்? தைக்க இன்னும் எவ்வளவு கெடக்கு!" என்று திட்டிக்கொண்டே வெளியே இழுத்தாய்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொன்னேன். முன்வரிசையில் நம் தையல் கூடத்து மேனேஜர் உட்கார்ந்திருந்தார். "சாவின் வாயிலிருந்து என் இரட்சகர் என்னைத் தூக்கிவிட்டார்" என்று அழுதேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். நீயும்தான் சொன்னாய்.

மறுநாள், கதவை உடைத்ததற்காக உன்மீது விசாரணை. "உயிர் போற அளவுக்கா புகை இருந்துச்சு?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

"அவ்வளவு இல்ல சார்."

அந்த ஒரு பதிலில் உன் வேலை போனது. என் இரண்டு சாட்சியையும் கேட்டவர் அவர். இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்.

இரட்சகர் என்றால் பிறருக்காகத் தன்னையே கொடுத்தவர் என்று சிறு வயதிலிருந்து மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். உன் கையால்தான் ஆண்டவர் என்னைத் தூக்கினார் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால், அவருடைய மகிமை ஒன்றும் குறைந்திருக்காது.

என் வேலைதான் போயிருக்கும்.

உன் தங்கை