எஸ்டில் அண்ணனின் துப்பாக்கியும் என் கடிதமும்

அக்டோபர் 6, ஞாயிறு

இந்த நோட்டை யார் எடுத்துப் பார்த்தாலும் முதலில் மன்னிக்க வேண்டும். எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. எழுபத்திரண்டு வயதில் பிடித்த பென்சில். முப்பத்தொரு வருடம் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டிய விரல்களில் இரண்டு வளையவே வளையாது. இந்த நாலு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆனாலும் நெஞ்சு நிறைந்திருக்கிறது. நூலகத்தில் எனக்குப் படிக்கச் சொல்லித்தரும் மிஸ் டாலிவர், தினமும் ஏதாவது எழுதுங்கள் என்றார்.

டெல்ஃபியா எட்டிப் பார்த்தாள். "அம்பது வருஷமா உனக்கு வந்த காயிதமெல்லாம் புருஷனாச்சேன்னு நான்தான் படிச்சுச் சொன்னேன். இப்ப என்கிட்ட மறைக்கிறதுக்குன்னே எழுதக் கத்துக்கிட்டியா?"

ஆமாம் என்றேன்.

அக்டோபர் 9

மாவுப் பையின் முதுகில் இருந்ததை முழுக்கப் படித்தேன். பிஸ்கட் எப்படிச் சுடுவது என்று இருக்கிறது. டெல்ஃபியா அப்படிச் சுடுவதில்லை. சொன்னேன். "அப்ப பையையே தின்னு" என்றாள்.

அக்டோபர் 19, சனி

எஸ்டில் அண்ணனை இன்று அடக்கம் செய்தோம். என் மகன் வெர்லினோடு ஆறு பேர் பெட்டி தூக்கினார்கள். எங்கள் மலைப்பக்க வழக்கப்படி ஓமா அண்ணி, அண்ணனின் வேட்டைத் துப்பாக்கிகளைப் பெட்டி தூக்கியவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். வெர்லின் முறை வந்ததும் அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்கு வேணாம் பெரியம்மா. சட்டப்படி நான் தொடக்கூடாது."

ஒன்பது வருடத்துக்கு முன் போதைக்குத் தின்கிற வலி மாத்திரையைத் திருட்டுத்தனமாக விற்று இரண்டு வருடம் சிறையில் இருந்தவன். அந்த மாதிரித் தண்டனை பெற்றவன் பிறகு துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது. அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது. வெர்லினை முதல் மான் வேட்டைக்குக் கூட்டிப்போனதே அண்ணன்தான்.

நான்தான் சொன்னேன். "வாங்கிக்கடா. செத்தவரு வாசல்ல நின்னு சட்டம் பேசாத. அப்புறமா நான் வந்து எடுத்துக்கிறேன்."

வாங்கினான். பழைய போர்வையில் சுற்றி, அவன் வேலை செய்யும் மர மில்லின் வண்டியில் இருக்கைக்குப் பின்னால் வைத்தான்.

அக்டோபர் 23

வெர்லின் போனில், "அப்பா, அதை எப்ப எடுத்துக்கப்போற?" என்றான். மழை விடட்டும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

அக்டோபர் 26, சனி

வெர்லினைப் பிடித்துவிட்டார்கள். பாலத்தடியில் எல்லா வண்டியையும் நிறுத்திச் சோதித்தார்களாம். போர்வையைப் பிரித்திருக்கிறார்கள்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் முந்திப் போயிருந்தா என்ன கேடு எனக்கு? மழையாம் மழை.

நவம்பர் 14

உள்ளூர் வழக்காக இருக்கும் என்று நினைத்தோம். மத்திய அரசு எடுத்துக்கொண்டது. மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறது அந்த நீதிமன்றம். இப்போதைக்கு ஜாமீன். எங்கே போகிறான் என்று காட்டிக்கொடுக்கும் ஒரு கருவியைக் காலில் கட்டி, மர மில்லுக்குப் போய்வர மட்டும் விட்டிருக்கிறார்கள்.

அவனுக்காக நீதிமன்றம் கொடுத்த வக்கீல் மிஸ் ரென்ஃப்ரோ. சின்னப் பெண், ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். என் தப்பும்மா, என்னைப் பிடிக்கச் சொல்லுங்க என்றேன்.

"துப்பாக்கி யாரோடதுங்கிறது கேள்வியே இல்ல சார். யாரு கையில இருந்துச்சுங்கிறதுதான் கேள்வி. அந்த வண்டியை மில்லுல நாலு பேரு ஓட்டுறாங்க. உள்ள இருந்தது வெர்லினுக்குத் தெரியும்னு அவங்கதான் நிரூபிக்கணும். நீங்க யாருகிட்டயும் எதுவும் பேசாதீங்க. அது போதும்."

பேசாமல் இருப்பது மட்டும்தான் நான் செய்யக்கூடியது என்றால், நான் எதற்கு அப்பன்?

டிசம்பர் 25

வெர்லினின் இரண்டு பெண்களும் வந்தார்கள். சின்னவள் அவன் காலில் இருந்த கருவிக்கு ரிப்பன் கட்டிவிட்டாள். அவன் நாள் முழுக்க அவிழ்க்கவில்லை.

ஜனவரி 13, திங்கள்

நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். ஆறு நாள், ஒன்றரைப் பக்கம். யாரும் ஒரு எழுத்துகூடச் சொல்லித்தரவில்லை. என் மகன் எப்படிப்பட்டவன் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? "என் மகன் வேண்டாம் என்றான். சட்டப்படி தொடக்கூடாது என்று சொன்னான். நான்தான் கட்டாயப்படுத்தி வாங்கவைத்தேன். தப்பு என்னுடையது" என்று எழுதியிருக்கிறேன்.

"அந்த வக்கீலம்மாகிட்ட காட்டிட்டுப் போடு" என்றாள் டெல்ஃபியா.

"இதையும் இன்னொருத்தர் பார்க்கணுமா?"

"நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

பிறந்ததிலிருந்து என் பேச்சு இன்னொருவர் வாய் வழியாகத்தான் போயிருக்கிறது. இது ஒன்றாவது என் கையிலிருந்து நேராக அவர் கைக்குப் போகட்டும். தபால் ஆபீசுக்கு நானே நடந்துபோய்ப் போட்டேன். திரும்பி வரும்போது பனியில் குளிரே தெரியவில்லை.

ஜனவரி 24

மிஸ் ரென்ஃப்ரோ வீட்டுக்கே வந்தாள். கடிதத்தின் நகல் அவள் கையில் இருந்தது.

"ஜட்ஜு தனக்கு வர்ற லெட்டரைத் தனியா வெச்சுக்க மாட்டாரு சார். ரெண்டு தரப்புக்கும் நகல் போயிரும். அரசாங்க வக்கீலும் படிச்சாச்சு."

"எந்த வரி தப்பும்மா?"

"தப்பு ஒண்ணுமில்ல. எல்லாம் உண்மை." அவள் ஒரு வரியில் விரலை வைத்தாள். "துப்பாக்கி இருந்தது அவருக்குத் தெரியும். வெச்சிருக்கக் கூடாதுன்னும் தெரியும். அவங்க நிரூபிக்க வேண்டிய ரெண்டையும் நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்க."

அவன் நல்லவன் என்று காட்டத்தான் அந்த வரியை எழுதினேன்.

டெல்ஃபியா வக்கீலுக்குக் காபி ஊற்றினாள். அன்றே சொன்னேனே என்று சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 5

அரசாங்க ஆள் வந்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனான். முழுவதும் நானே படித்தேன். மகனுக்கு எதிராக நான் சாட்சி சொல்ல வேண்டும். புரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

பொய் சொல்லிவிடட்டுமா என்று மிஸ் ரென்ஃப்ரோவிடம் கேட்டேன். "நீங்க சொன்னது என் காதுல விழல சார்" என்று போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வெர்லின் வந்து சமையலறையில் உட்கார்ந்தான். இரண்டு காபி குடித்தான்.

"குற்றத்தை ஒத்துக்கப்போறேம்ப்பா. அப்புறம் விசாரணை கிடையாது. நீ அங்க வந்து சாட்சிக் கூண்டுல ஏற வேண்டாம்."

"நான் ஏறுறேண்டா. ஏறி என்னைத் திட்டச் சொல்றேன்."

"திட்ட மாட்டாங்க. 'உங்க மகன் என்ன சொன்னாரு'ன்னு மட்டும் கேப்பாங்க. நீ சொல்லிருவ. உனக்குப் பொய் வராது." எழுந்து கோப்பையைக் கழுவி வைத்தான். "லெட்டர் நல்லா எழுதியிருந்த. நான்கூட அவ்வளவு தெளிவா எழுத மாட்டேன்."

அவன் என்னை நாலு வார்த்தை வைதிருந்தால் இன்று தூங்கியிருப்பேன்.

மே 29

முப்பது மாதம்.

நீதிபதி மரியாதையாகத்தான் பேசினார். அப்பாவின் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அது என் மனதைத் தொட்டது, ஆனால் சட்டம் சட்டம்தான் என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 20

எழுதவில்லை. மிஸ் டாலிவரிடமும் போகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வெர்லினிடமிருந்து முதல் கடிதம். "சாப்பாடு மோசமில்லை. மரவேலைப் பட்டறையில் போட்டிருக்கிறார்கள். உள்ளே வரும் கடிதங்களை முதலில் அதிகாரிகள் படிப்பார்கள். இருந்தாலும் எழுது அப்பா" என்று இருந்தது.

உட்கார்ந்தேன். ஓடை நிறைய தண்ணீர், தக்காளி காய் பிடித்திருக்கிறது, சின்னவளுக்கு முன் பல் இரண்டும் விழுந்துவிட்டன. இவ்வளவுதான் எழுதினேன். உறையில் போடும் முன் டெல்ஃபியாவிடம் கொடுத்தேன்.

அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். "தக்காளியும் தண்ணியும்தான இருக்கு. இதை எதுக்கு என்கிட்ட குடுக்கிற?"

"எதுக்கும் பார்த்துடு."

இன்னொரு முறை படித்துவிட்டு, ஒன்றுமில்லை, ஒட்டு என்றாள். ஒட்டினேன். வருகிற ஞாயிறும் அவனுக்கு எழுத வேண்டும். சனிக்கிழமையே எழுதி முடித்துவிட்டால், அவள் நிதானமாகப் பார்க்க ஒரு நாள் இருக்கும்.