நாலாவது தகுதி

சொர்ணம்,

மாரியம்மன் அறியச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

எம்.எட். படிப்பில் சேர பி.டி. தேறியிருக்க வேண்டும். இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியிருக்க வேண்டும். நன்னடத்தைச் சான்றும் வேண்டும். மூன்றும் உனக்கு உண்டு. நேற்று ராத்திரி நாலாவதாக நீயே ஒன்றைச் சேர்த்தாய்: "ஒங்களுக்கு ஒலை வைக்கக்கூடத் தெரியாதேப்பா! ஒங்கள இங்கிட்டு விட்டுட்டு நான் எப்படிப் பட்டணம் போறது?"

ஆகவே இன்று நீ பள்ளிக்கூடம் போனதும் நானே சமைத்தேன். கத்தரிக்காய்க் குழம்பு கொதித்த வாசனைக்கு, புதுக்கோட்டை போகிற பஸ் நம் வாசலில் தானாக நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிவந்து ஒரு கரண்டி கேட்டார். கண்டக்டர் அழுதேவிட்டார். எதிர்வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றது.

சோறும் குழம்பும் அடுப்படியில் மூடியிருக்கின்றன. பின்கதவுச் சாவி மாடத்தில்.

அந்த பஸ்ஸிலேயே நான் புதுக்கோட்டை போகிறேன். நீ பெட்டிக்கடியில் ஒளித்துவைத்த விண்ணப்பம் என் கையில் இருக்கிறது. இன்றைக்குத் தபாலில் சேர்த்தால்தான் கெடுவுக்குள் போகும். சேர்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.

அப்பா

அடியில் கொஞ்சம் இடம் இருக்கிறது. குழம்புச் சட்டியைக் கழுவிப் பக்கத்து வீட்டு ஆவுடையாளிடம் கொடுத்துவிடு. சமைத்தது அவள்தான்.