வீட்டு நம்பருக்கு மட்டும்

ஆம்பூர், 14.6.2007

அன்புள்ள அப்பாவுக்கு ஹெப்சி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். உங்கள் மூச்சிரைப்பு குறைந்ததா?

பகலில் என் செல்போனுக்கு அடிக்க வேண்டாம். மெசேஜ் பார்த்துக்கொண்டே தைத்து, பக்கத்து மிஷின் அக்சா ஒரு ஷூவைக் கெடுத்துவிட்டாள். சூப்பர்வைசர், "போன் இருந்தா கவனம் கம்மியாவுது" என்று எல்லாருடையதையும் வாங்கி, பின்கேட் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டார். நாங்கள் பேச ஒதுங்கும் பின்கதவையும் பூட்டிவிட்டார். சாவி சூப்பர்வைசரிடம்தான்.

நல்லதுதான், தையல் சீராக வருகிறது. பசை நெடிதான் உள்ளேயே நிற்கிறது. நேற்று முன்வாசலில் அடுக்கியிருக்கும் பசை டின்களுக்குப் பக்கத்தில் ஒரு துணி பற்றிக்கொண்டது. அக்சா மிதித்தே அணைத்துவிட்டாள். எல்லாரும் சிரித்தோம்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால், மூக்கில் கட்டிக்கொள்ள அம்மாவின் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

போனில் மற்ற எல்லாரையும் சைலண்டில் போட்டு, நம் வீட்டு நம்பருக்கு மட்டும் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறேன். அவசரமென்றால் அடியுங்கள். "மணி கேட்டா ஓடியாந்து கதவத் தட்றேம்மா" என்கிறார் வாட்ச்மேன் அண்ணன். தட்டினால் எங்களுக்குக் கேட்கும். திறக்கத்தான் அவரிடம் சாவி இல்லை.

சங்கு ஊதிவிட்டது, உள்ளே போகிறேன்.

ஹெப்சி